குழந்தைகளின் மலச்சிக்கல்: பாலும் நீரும் நாரும்

நம் மன்ற மலரில் அணுவைப் பற்றியும் விண்கோள்களைப் பற்றியும் நண்பர்கள் எழுதுவார்கள். நானோ இம்முறை குழந்தைகளின் மலச்சிக்கலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் இருவர் வாய்விட்டுச் சிரித்தனர். சிரிப்பு இயல்புதான். ஆயினும், பேசக் கூசுகின்ற பொருள் என்று நாம் ஒதுக்கி வைப்பதாலேயே இத்துன்பம் வீடுகளில் மாதக் கணக்காக நீடிக்கிறது. மூன்று வயதுக் குழந்தை கழிப்பறையைக் கண்டு நடுங்குவதைப் பார்த்தவர்கள் இதனைச் சிறிய நோய் என்று சொல்லமாட்டார்கள்.

நான் வேதியியல் மாணவன், மருத்துவன் அல்லேன். சிஞ்ச்வட்டில் என் அக்காள் வீட்டில் தங்கி, லோக்கல் இரயிலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து போகிறேன். பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி ஆகிய இடங்களில் தொழிற்சாலைகளை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. எங்கள் கட்டடத்துத் தாய்மார் அடிக்கடி, “தம்பி, நீ சயின்ஸ் படிக்கிற பிள்ளைதானே, இதுக்கு என்ன கொடுக்கணும் சொல்லு” என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சரியான விடை கூறவேண்டுமே என்று படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மலச்சிக்கல் என்பது யாது?

நாள்தோறும் மலம் கழியாவிட்டால் அது மலச்சிக்கல் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. தாய்ப்பால் மட்டுமே உண்ணும் குழந்தை ஒரு நாளில் ஐந்தாறு முறையும் கழிக்கலாம். ஆறேழு நாள்களுக்கு ஒரு முறையும் கழிக்கலாம். மலம் இளகலாக இருந்து, குழந்தை பால் குடித்து எடை கூடிவந்தால் இரண்டும் இயல்பே.

2016-இல் வெளியான ‘உரோம் நான்கு’ என்னும் மருத்துவ வரையறை, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சில அடையாளங்களைக் கூறுகிறது. வாரத்தில் இரு முறைக்கு மேல் கழியாமை, மலத்தை வேண்டுமென்றே அடக்கிவைத்தல், கழிக்கும்போது வலி அல்லது மலத்தின் கடினம், மலம் மிகப் பருமனாக இருத்தல், மலக்குடலில் பெருந்திரளாக மலம் தங்கியிருத்தல் ஆகிய இவற்றுள் இரண்டேனும் ஒரு மாதம் நீடித்தால் அது மலச்சிக்கல் ஆகும். எண்ணிக்கை இவற்றுள் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கடினம், வலி, அடக்குதல் இவையே பெரும்பாலும் நோயின் உயிர்நிலை.

குடலில் நடப்பது

வளர்ந்த மனிதனின் குடலுக்குள் ஒரு நாளில் ஏறத்தாழ 9 லிட்டர் நீர் செல்கிறது. நாம் குடிப்பது இதில் சிறு பங்கே. எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் முதலியன பெரும் பங்கு. சிறுகுடல் இதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் அளவே பெருங்குடலை அடைகிறது. அங்கும் உறிஞ்சப்பட்டு, இறுதியில் மலத்தோடு வெளியேறும் நீர் 100 முதல் 200 மில்லி லிட்டர்தான். குழந்தைக்கு அளவுகள் குறையுமேயன்றி முறை மாறாது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, மலம் பெருங்குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அது காய்ந்து இறுகும். இரண்டாவது, வாய்வழி ஊற்றும் நீர் அப்படியே மலத்தைச் சென்று சேர்வதில்லை, உறிஞ்சப்பட்டுச் சிறுநீராகிவிடுகிறது. மலம் இளக வேண்டுமானால், நீரைப் பெருங்குடல் வரையில் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள் ஒன்று வேண்டும். நார்ப்பொருள் செய்வது இவ்வேலையையே.

தாய்ப்பாலும் மாவுப்பாலும்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் இளகலாகவும், டப்பாவில் வரும் மாவுப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் கட்டியாகவும் இருப்பதைத் தாய்மார் அறிவர். இதன் காரணம் வேதியியல் மாணவனுக்கு மிகவும் சுவையானது. பாலிலுள்ள கொழுப்பு, கிளிசரால் என்னும் தண்டில் மூன்று கொழுப்பமிலங்கள் ஒட்டியதாகும். தாய்ப்பாலில் பால்மிடிக் அமிலம் பெரும்பாலும் நடு இடத்தில் அமைந்திருக்கிறது. செரிமான நொதி ஓரத்து அமிலங்கள் இரண்டையும் வெட்டிவிட, நடுவிலுள்ளது கிளிசராலோடு சேர்ந்தபடியே உறிஞ்சப்படுகிறது. மாவுப்பாலில் பலவகைத் தாவர எண்ணெய்கள் சேர்க்கப்படுவதால், பால்மிடிக் அமிலம் ஓரங்களில் மிகுதி. அது வெட்டுண்டு தனித்து நின்று, கால்சியத்தோடு கூடிக் கரையாத சோப்பு ஆகிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளைக் கட்டியாவதைக் கிணற்றடியில் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதுவே குழந்தையின் குடலில் நடக்கிறது. மலம் கட்டியாகும் அளவுக்கு அதில் இந்தச் சோப்பும் மிகுந்திருப்பதை 1990-களில் ஆய்ந்து கண்டிருக்கிறார்கள்.

மேலும், தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க இயலாத சிறு சர்க்கரைத் தொடர்கள் உண்டு. அவை பெருங்குடலை அடைந்து நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகி, மலத்தை இளக்குகின்றன. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், கோடையிலும் தண்ணீர் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. “பிள்ளைக்கு மலம் கட்டுகிறது” என்று இம்மாதங்களில் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கொடுப்பது கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

பால் மிகுந்தால்

ஒரு வயதுக்குப் பிறகு சிக்கல் வேறு உருவில் வருகிறது. “சோறு தின்னாவிட்டால் என்ன, பாலாவது குடிக்கிறானே” என்று தாய் ஆறுதல் அடைகிறாள். இங்கே எருமைப் பால் தாராளமாகக் கிடைக்கிறது. எருமைப் பால் 100 மில்லி லிட்டரில் 100 கலோரிக்குச் சற்று மேலேயே உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவையானது ஏறத்தாழ 1,000 கலோரி. புட்டியில் நாளுக்கு 700 மில்லி லிட்டர் குடித்துவிட்டால், தேவையில் மூன்றில் இரு பங்குக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும். பிறகு பசி ஏது? பாலில் நார்ப்பொருள் சிறிதும் இல்லை. இரும்புச் சத்தும் மிகக் குறைவு. ஆகவே சிக்கலோடு சோகையும் வருகிறது. நாளுக்கு 400 முதல் 500 மில்லி லிட்டருக்கு மேல் பால் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

வேறொரு வகையும் உண்டு. இத்தாலி நாட்டின் பலெர்மோ நகர மருத்துவர்கள், மலமிளக்கி மருந்துகளால் குணமாகாத 65 சிறு குழந்தைகளை ஆய்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டனர். பசும்பாலும் சோயாப்பாலும் மாறி மாறி, எது எதுவென்று பெற்றோரும் மருத்துவரும் அறியாதபடி கொடுக்கப்பட்டன. சோயாப்பால் குடித்த காலத்தில் 44 குழந்தைகள் குணம் கண்டனர். பசும்பால் கொடுத்ததும் நோய் மீண்டது. பாலிலுள்ள புரதத்தை அக்குழந்தைகளின் உடல் ஏற்கவில்லை. ஆயினும் இதைக் கேட்டவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் பாலை நிறுத்திவிடலாகாது. எந்த மருந்துக்கும் இணங்காதவர் என்று தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்ட குழந்தைகள் அவர்கள். ஆகவே, பிற முறைகள் பயன்படாதபோது மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கலாம் என்பதே 2014-ஆம் ஆண்டு ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவக் கழகங்கள் கூடி வகுத்த நெறி.

நார்ப்பொருள்

உணவுக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பை நம் நாட்டில் முறையாக ஆராய்ந்த இடம் நம் நீலகிரியில் உள்ள குன்னூர். அங்கே இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் 1918-இல் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அவர் வெள்ளெலிகளைப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை ஊட்டி வளர்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் வளர்ச்சியில் முதலிடம் பெற்றன. மராத்தியர் உணவு மூன்றாம் இடம் பெற்றது. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவு கடைசி இடத்தில் நின்றது. அச்சோதனை மலச்சிக்கலைப் பற்றியது அன்று. ஆயினும் தீட்டத் தீட்டத் தானியம் எதை இழக்கிறது என்பதை நமக்கு நினைவூட்டுவது.

அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப் பட்டியலைப் பாருங்கள். 100 கிராமில் உள்ள நார்ப்பொருள்: தீட்டிய பச்சரிசி 2.8 கிராம், மைதா 2.8 கிராம், சோளம் 10.2 கிராம், கேழ்வரகு 11.2 கிராம், கோதுமை ஆட்டா 11.4 கிராம், கம்பு 11.5 கிராம். இங்குள்ளோர் ‘ஜ்வாரி’ என்பது நம் சோளம். ‘பாஜ்ரி’ என்பது நம் கம்பு. ‘நாச்ணி’ என்பது நம் கேழ்வரகு. நம் பாட்டிமார் கூழாகக் காய்ச்சியதையே இவர்கள் பாக்கரியாகத் தட்டுகிறார்கள். ஊர் மாறியதால் நாம் இழந்தது ஒன்றுமில்லை. கூழையும் விட்டுப் பாக்கரியையும் தொடாமல், பாலும் பிஸ்கட்டும் என்று மாறியதில்தான் இழப்பு.

குழந்தைக்கு எவ்வளவு நார் வேண்டும்? வயதோடு ஐந்தைக் கூட்டினால் வரும் எண்ணே கிராம் கணக்கு என்று 1995-இல் ஓர் எளிய வாய்பாடு வகுத்தார்கள். மூன்று வயதுக்கு 8 கிராம். 30 கிராம் சோள மாவில் செய்த சிறு பாக்கரியில் 3 கிராம். 15 கிராம் துவரம் பருப்பில் ஒரு கிராமுக்கு மேல். கொய்யாப்பழத் துண்டுகள் 50 கிராமில் 4 கிராம். கணக்கு நிறைந்துவிட்டது. மாறாக, மூன்று புட்டிப் பால், நான்கைந்து மைதா பிஸ்கட், ஒரு கைப்பிடிச் சோறு என்றால் 2 கிராம்கூடத் தேறாது. இதற்குப் பணம் காரணம் என்றும் சொல்ல இயலாது. கொய்யாவைவிடப் பிஸ்கட்டுக்கே செலவு மிகுதி.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இயல்பான அளவு நார் நோய் வராமல் காக்க உதவும். ஏற்கெனவே மலம் திரண்டு அடைத்துள்ள குழந்தைக்கு மேலும் மேலும் தவிட்டையும் நாரையும் திணித்தால், திரளின் பருமன்தான் கூடும். அளவுக்கு மேற்பட்ட நார் நோயைக் குணமாக்குவதில்லை என்று மேற்சொன்ன 2014-ஆம் ஆண்டு நெறியே கூறுகிறது.

நீரும் பிற பானங்களும்

“தண்ணீர் நிறையக் குடிக்க வை” என்பது யாவரும் கூறும் அறிவுரை. புணேயின் சித்திரை வெயிலில் நா வறண்ட குழந்தைக்கு இது பொருந்தும். காய்ச்சலிலும் பொருந்தும். ஆனால், போதிய அளவு குடிக்கும் குழந்தைக்கு மேலும் ஊற்றுவதால் மலம் இளகுவதில்லை. காரணம் மேலே கண்டோம்: மிகுதி நீர் சிறுநீராகிவிடும்.

பழச்சாறு சற்று வேறுபட்டது. பேரி, ஆப்பிள், உலர்ந்த பிளம் ஆகியவற்றில் சார்பிட்டால் என்னும் சர்க்கரைச் சாராயம் இயற்கையாக உண்டு. குடல் அதை முழுதும் உறிஞ்சுவதில்லை. ஆதலால் அது நீரைத் தன்னோடு நிறுத்திக்கொள்கிறது. மருத்துவர் சில வேளைகளில் இச்சாறுகளைச் சிறிதளவு கொடுக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் சாறு பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும்; பழமாகக் கொடுப்பதே மேல். ஒரு வயதுக்கு முன் சாறு வேண்டாம், மூன்று வயது வரையில் நாளுக்கு 120 மில்லி லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் அறிவித்தது.

தேநீர் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே சிறு குழந்தைகளும் காலையில் சாயாவில் பிஸ்கட்டைத் தோய்த்து உண்பதைக் காண்கிறேன். தேயிலையிலுள்ள டானின் இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். சர்க்கரை பசியைக் கெடுக்கும். காலை உணவின் இடத்தை அது பிடித்துக்கொள்வதே பெருங்கேடு.

அச்சம் என்னும் காரணம்

இதுவரை உணவையே பேசினோம். ஆனால் உணவு பெரும்பாலும் நோயின் தொடக்கமே. அதை நீட்டிப்பது அச்சம்.

எங்கள் மாடியில் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று உள்ளது. இரண்டரை வயது மகன். தாய்ப்பால் மறந்து புட்டிப்பாலுக்கு மாறிய பின் ஒரு நாள் மலம் கல்லாகி, ஆசனவாயில் வெடிப்பு உண்டாகி இரத்தம் கண்டது. அதன்பின் உணர்வு வரும்போதெல்லாம் அவன் கதவுக்குப் பின்னே ஓடிச் சென்று, கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று முகம் சிவப்பான். “பாவம், முக்கி முக்கிப் பார்க்கான், வரமாட்டேங்குது” என்றார் ஆச்சி. உண்மையில் அவன் முக்கவில்லை, வெளிவராதபடி இறுக்கிக்கொண்டிருந்தான். வலிக்கு அஞ்சி அடக்குகிறான், அடக்க அடக்க நீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது, இறுகியது வெளிவரும்போது மீண்டும் வலிக்கிறது, அச்சம் வளர்கிறது. சில வாரங்களில் அவன் துணியில் நீர்த்த மலம் கசியத் தொடங்கியது. வயிற்றுப்போக்கு என்று எண்ணி அரிசிக் கஞ்சியாகக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே செய்கிறான் என்று அப்பா இரண்டு முறை அடித்தும் விட்டார். திரண்டு நின்ற மலத்தின் பக்கவாட்டில் கசிந்த நீர் அது. குழந்தை அதை உணரவே இல்லை. விரிந்துபோன மலக்குடலுக்கு உணர்வு மங்கிவிடும் என்று மருத்துவர் விளக்கிய அன்றுதான் அந்தத் தந்தை குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இலங்கையில் கெலனியாப் பல்கலைக்கழக மருத்துவர்களாக இருந்தபோது ஷமன் ராஜிந்திரஜித்தும் நிரங்கா தேவநாராயணவும் பள்ளிப் பிள்ளைகளிடையே மலச்சிக்கலை விரிவாக ஆராய்ந்துள்ளனர். போர் நடந்த பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடம் அது மிகுதியாக இருந்ததை அவர்கள் கண்டனர். மன வருத்தம் குடலையும் தாக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? புது ஊர், புது மொழி, பலருக்கும் பொதுவான கழிப்பறை, வெளியே காத்து நிற்பவர் தட்டும் கதவு ஆகிய இவையும் குடிபெயர்ந்த குழந்தைக்குச் சிறு போர்களே.

மருந்தும் கைவைத்தியமும்

விளக்கெண்ணெய் நம் வீடுகளின் பழைய மருந்து. அதிலுள்ள ரிசினோலியிக் அமிலம், குடல் தசையிலுள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தூண்டிச் சுருங்கச் செய்கிறது என்பதை 2012-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சுருக்கம் கடுமையானது, வயிற்றை முறுக்கும். அச்சத்தால் அடக்கும் குழந்தைக்கு அது மேலும் ஒரு வலியாகிறது. அழும் குழந்தையின் வாயில் எண்ணெயை ஊற்றினால் நுரையீரலுக்குள் புகும் ஆபத்தும் உண்டு. வெற்றிலைக் காம்பையும் சோப்புத் துண்டையும் ஆசனவாயில் வைக்கும் வழக்கம் புண்ணை மிகுவிக்கும்; அச்சத்தையும் மிகுவிக்கும்.

இன்று மருத்துவர்கள் முதலில் தேர்வது பாலியெத்திலீன் கிளைக்கால் என்னும் தூள். அது உடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படாமல், தன் நீண்ட தொடரில் நீர் மூலக்கூறுகளைப் பிணைத்துக்கொண்டு பெருங்குடல் வரை செல்கிறது. முதலில் அடைப்பை நீக்கவேண்டும். பிறகு குறைந்தது இரண்டு மாதம் தொடர்ந்து கொடுக்கவேண்டும். குணமானபின் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். அளவை மருத்துவரே வகுக்க வேண்டும். “மருந்துக்குப் பழகிவிடுவான்” என்று பத்தாம் நாளே நிறுத்துவதுதான் நோய் திரும்பப் பெருங்காரணம். வலியின்றிக் கழிந்த நாள்கள் பல சேர்ந்தால்தான் குழந்தை வலியை மறக்கும்.

இதனோடு பழக்கமும் வேண்டும். உணவு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் இயல்பாகவே அசையும். ஆதலால் உண்டபின் ஐந்து அல்லது பத்து நிமிடம் குழந்தையைக் கழிப்பறையில் அமர்த்தலாம். மேல்நாட்டுக் கழிப்பிருக்கை என்றால் தொங்கும் கால்களுக்குக் கீழே ஒரு முக்காலி வையுங்கள். வந்தால் பாராட்டுங்கள், வராவிட்டால் திட்டாதீர்கள்.

சில அடையாளங்கள் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் கழியாமை, வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, எடை கூடாமை, கால்களில் வலுவின்மை என்பன அவை. 1886-இல் டென்மார்க்கு மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங் எடுத்துரைத்த, குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத பிறவி நோயாக அது இருக்கலாம். தைராய்டுக் குறைவும் மலச்சிக்கலாக வெளிப்படலாம். இவை உணவால் தீர்வன அல்ல.

மாடி வீட்டுச் சிறுவன் இப்போது மூன்றாம் மாத மருந்தில் இருக்கிறான். புட்டி போய் இரண்டு சிறு டம்ளர் பால் ஆகியிருக்கிறது. பக்கத்து வீட்டு மராத்தி அம்மையாரிடம் அவன் தாய் பாக்கரி தட்டக் கற்றுக்கொண்டார்.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம் வீடுகளில் அக்காள் குழந்தைகளும் அண்ணன் குழந்தைகளும் இருப்பார்கள். கூச்சத்தை விட்டு, “எத்தனை டம்ளர் பால் குடிக்கிறான்? போகும்போது வலிக்கிறதா?” என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நம் மன்றத்தார் ஞாயிறுதோறும் கூடும்போது, இச்செய்திகளை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதிப் படியெடுத்தால், இப்பகுதித் தமிழ்த் தாய்மாருக்கு வீடு வீடாகக் கொடுக்கலாம். எழுதித்தர நான் அணியமாக இருக்கிறேன். உடன் வருவோர் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.